வறுத்த மல்லியின் நிறம்

அருள்புரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு வீடுகள். எங்கள் வீட்டுக்கும் ராமர் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரைவரை போகாது. அஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே ஒரு முழம் விட்டு நின்றுவிடும். கட்டியவருக்கு அன்றைக்குச் செங்கல் தீர்ந்திருக்கலாம். அவர்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் இருமுவோம். எங்கள் வீட்டு ரேடியோவில் ஓடும் செய்தியைக் கேட்டுக்கொண்டே அவர்கள் சாப்பிடுவார்கள். இங்கே எழுதுவதில் பாதி அந்த ஒரு முழ இடைவெளி வழியாக வந்தது. மீதியைப் பின்னால் ராமரும், கதையில் பிறகு வரும் பூவாத்தாளும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போனது.

ராமர் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். எண்பத்தெட்டில் திருப்பூருக்கு வந்து ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தார். முதலில் ஈரத்துணி தூக்கினார். பிறகு மெஷினில் நின்றார். கடைசிப் பன்னிரண்டு வருடம் லேப்பில். லேப் என்றால் ஒரு சின்ன அறை. வெளிநாட்டிலிருந்து விரல் அகலத்தில் ஒரு துண்டுத் துணி வரும். அதே நிறத்தைச் சின்னக் குவளையில் சாயம் கலந்து கொண்டுவர வேண்டும். அதற்கு ஷேடு மேட்சிங் என்று பெயர். படித்துவிட்டு வந்த பையன்கள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். ராமர் துண்டை வெளிச்சத்துக்கு ஒருமுறை காட்டி, கண்ணை மூடித் திறந்து, மஞ்சள் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பார். கம்ப்யூட்டரும் சற்று நேரம் கழித்து அதையே சொல்லும்.

அவர் மனைவி சித்ராதேவி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். காலை எட்டரைக்குப் போனால் திரும்புவதற்கு இரவு எட்டரை ஆகும். அதனால் கல்யாணமான ஆறாம் மாதமே சமையல் ராமர் கைக்கு வந்துவிட்டது. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை. பாக்கெட் மசாலா அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கு மல்லி, வரமிளகாய், சீரகம், மிளகு, சோம்பு, கசகசா, பட்டை, கல்பாசி எல்லாவற்றையும் தனித்தனியாக வறுப்பார். சேர்த்து வறுத்தால் ஒன்று வேகும்போது இன்னொன்று கருகும் என்பது அவர் கணக்கு. மல்லிக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். இரும்புச் சட்டியில், சின்னத் தீயில், மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருப்பார். அது எந்த நொடியில் இறங்குகிறதோ அதுதான் குழம்பு என்று ஒருமுறை என் அம்மாவிடம் சொன்னார். அம்மா பெயர் சீனியம்மாள். அவள் சாத்தூர்ப் பக்கம். கறிக்குழம்பைப் பற்றி ஒரு ஆணிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அவசியம் அவளுக்கு இல்லை. இருந்தாலும் தலையை ஆட்டிவைத்தாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு சாயங்காலம் ஓவர்டைம் இல்லாமல் சித்ராதேவி சீக்கிரம் வந்தாள். லைனின் முனையிலேயே தீய்ந்த வாடை. ஓடிவந்து பார்த்தால் சோற்றுப் பானை அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருக்கிறது. ராமர் அடுப்புக்கு மூன்றடி தள்ளிக் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

வாசம் வரவில்லையா என்று அவள் கேட்டதற்கு அவர் பேப்பரை மடித்தார். பானையைப் பார்த்தார். பிறகு எழுந்து மஞ்சள்தூள் டப்பா, காப்பித்தூள் டப்பா, கடைசியாக மண்ணெண்ணெய்ப் புட்டி என்று ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார். எதிலும் ஒன்றும் இல்லை. எவ்வளவு நாளாக இல்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை. பிளீச்சிங் புகையிலும் ஹைட்ரோஸ் என்கிற சாயம் போக்கும் பொடியின் நெடியிலும் பதினேழு வருடம் நின்றவருக்கு வாசம் ஒரே நாளில் போகவில்லை. பழைய பனியனில் நிறம் போவதுபோல் துவைக்கத் துவைக்கப் போயிருக்கிறது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். சதை வளரவில்லை, சளி இல்லை. என்ன தொழில் என்று கேட்டார். சாயப்பட்டறை என்றதும் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

நாக்கு மிச்சம் இருந்தது. உப்பு, புளிப்பு, கசப்பு, காரம் எல்லாம் தெரிந்தது. மிளகாய் வறுபடுவதும் தெரிந்தது, ஏனென்றால் அது மூக்கைவிடத் தொண்டையைத்தான் பிடிக்கும். மிளகு வெடிக்கிற சத்தம் கேட்டது. தெரியாமல் போனது மல்லி. சீரகமும் கசகசாவும்கூட.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ராமர் சித்ராதேவியிடம் கேட்டுக்கொண்டார். பட்டறையில் தெரிந்தால் உடம்புக்கு முடியாதவன் என்று ஓரங்கட்டிவிடுவார்கள் என்பது பயம். அவள் சரி என்றாள்.

அதன் பிறகு அவர் செய்தது லேப்காரன் மட்டுமே செய்யக்கூடிய காரியம். ஒரு ஞாயிறு காலை மல்லி வறுக்கும்போது சித்ராதேவியைப் பக்கத்தில் நிறுத்தினார். அவள் முகர்ந்து, இப்போது என்று சொன்ன இடத்தில் சட்டியை இறக்கி, ஒரு சிட்டிகை மல்லியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார். மறுநாள் லேப்பில் சாப்பாட்டு நேரத்தில் அந்த மல்லியின் பழுப்புக்கு ஒரு துண்டுத் துணியைச் சாயமேற்றினார். அடுத்த ஞாயிறு துணியைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றாகும்வரை வறுத்தார். குழம்பு கசந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது, நாங்களும் சாப்பிட்டோம்.

அவர் கொஞ்ச நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். லேப்பில் துணி பார்க்க ஒரு பெட்டி உண்டு. அதற்குள் எரியும் விளக்கு பகல் வெளிச்சம் மாதிரி இருக்கும். வீட்டில் எரிவது டியூப் லைட். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு பழுப்பு இன்னொரு வெளிச்சத்தில் வேறு வேறாகிவிடும். இதைச் சட்டை செய்யாமல் கண்டெய்னர் கண்டெய்னராகத் துணி திரும்பி வந்த கதைகள் திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். ராமர் ஏழு பழுப்புத் துண்டுகளைச் சாயமேற்றி வீட்டுக்கே கொண்டுவந்தார். ஜன்னலைச் சாத்தி, டியூப் லைட்டைப் போட்டு, சித்ராதேவி மூக்கை வைத்து, ஏழில் நான்காவதைத் தேர்ந்தெடுத்தார். சீரகத்துக்கும் கசகசாவுக்கும் அப்படியே. மூன்று துண்டுகளையும் ஒரு போஸ்ட் கார்டில் பின் அடித்து உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தார். அதற்கப்புறம் மூன்று வருடம் அந்த வீட்டுக் குழம்பில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. பழையதைவிடச் சீராக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். மூக்குக்கு நாளுக்கு ஒரு குணம். அந்தக் கார்டுக்கு ஒரே குணம்.

இரண்டாயிரத்து எட்டில், கழிவுநீர்ப் பிரச்சினையில் அவருடைய பட்டறையை மூடிவிட்டார்கள். லேப்பில் இருந்த பையன்கள் பெருந்துறை, ஈரோடு என்று போனார்கள். ராமருக்கு நாற்பத்தேழு வயது. தையல் தெரியாது. சான்றிதழ் இல்லை. நான்கு பட்டறைகளில் கேட்டுப் பார்த்தார். மூன்றில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்றார்கள். நான்காவது அவர் போன நேரத்தில் பூட்டிக்கிடந்தது. சித்ராதேவியின் அண்ணன் ஊரிலிருந்து போன் செய்து, பேசாமல் குடும்பத்தோடு வந்துவிடச் சொன்னார். மகள் வேல்விழி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போவது பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. ஆனால் அட்டைப்பெட்டி ஒன்று வந்து மூலையில் உட்கார்ந்தது.

அப்போதுதான் மகுடேஸ்வரன் கூப்பிட்டனுப்பினார். அவருக்குப் பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி. துணியை ராமர் இருந்த பட்டறைக்குத்தான் சாயத்துக்கு அனுப்புவார். ஒருமுறை பட்டறையில் கெடா வெட்டியபோது ராமர் வைத்த குழம்பைச் சாப்பிட்டிருக்கிறார். இப்போது அவருக்கு ஒரு சிக்கல். கம்பெனி ஹாஸ்டலில் அறுபது பெண்கள். முக்கால்வாசிப் பேர் தேனி, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம். முன்பிருந்த பாலக்காட்டுச் சமையல்காரர் சொல்லாமல் போய்விட்டார். உதவிக்கு இருந்த பூவாத்தாள் நான்கு மாதமாகச் சமைக்கிறார். அவர் கை, கொங்குக் கை. தேங்காய் தாராளம், காரம் மட்டு, மல்லி லேசாகச் சூடு காட்டினால் போதும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது இறங்கவில்லை. பாயாசத்தில் உப்புப் போட்ட மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி சொல்லி, அது பூவாத்தாள் காதுக்கும் போய்விட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பெண்கள் திரும்பி வராமல் போனால் ஷிப்மென்ட் என்னாவது என்பது முதலாளியின் கவலை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அறுபது பேருக்கும் கோழிக்குழம்பு வைத்துக் காட்ட வேண்டும். புள்ளைகள் சாப்பிட்டுச் சரியென்றால் திங்கட்கிழமையிலிருந்து ராமர் சமையல்காரர். இல்லையென்றால் திருப்பூரில் அவருக்குக் கேட்க வேறு இடம் மிச்சமில்லை.

கிளம்புவதற்கு முன் ராமர் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சமையல்கட்டில் டியூப் லைட் இருக்கிறதா? மகுடேஸ்வரன் இரண்டு இருக்கிறது என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கே ராமர் பெருமாநல்லூரில் இருந்தார். பையில் வீட்டிலேயே புடைத்து, கல் பொறுக்கிய மல்லி ஒரு கிலோ, மற்ற சாமான்கள், போஸ்ட் கார்டு. பூவாத்தாள் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வாங்க என்றார். அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அவருடைய கரண்டிகள் எல்லாம் கழுவி, இன்னொருவர் எடுத்துக்கொள்ளத் தோதாக வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

எட்டு மணிக்கு ராமர் சட்டியை அடுப்பில் வைத்தார். கார்டை டப்பா மேல் சாய்த்து வைத்தார். கரண்ட் போய்விட்டது.

அந்த வருடம் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். அது ஊருக்கு ஊர் மாறும். அருள்புரத்தில் பதினொன்றிலிருந்து ஒன்று. ராமர் அந்தக் கணக்கில், பத்தரைக்குள் வறுத்து அரைத்து முடித்துவிடலாம் என்று வந்திருந்தார். பெருமாநல்லூருக்கு வேறு நேரம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"இங்க எட்டு டு பத்துங்க," என்றார் பூவாத்தாள், வெங்காயத்திலிருந்து தலையை எடுக்காமல். "ஜெனரேட்டரு மிஷினுக்கு மட்டுந்தான். சமையக்கட்டுக்கு லைன் இழுக்குல. மிக்ஸி போடோணுமுன்னா கட்டிங் செக்‌ஷன்ல ஒரு பிளக்கு இருக்குது, அங்க போய்த்தான் அரைக்கோணும்."

அவசர ஷிப்மென்ட் என்பதால் அன்றைக்கும் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு பெல் அடித்துவிடும். பத்துவரை காத்திருந்து வறுக்க ஆரம்பித்தால் அறுபது பேருக்குக் குழம்பு இறங்காது. சட்டியோடு கட்டிங் செக்‌ஷனுக்குப் போகவும் முடியாது; அங்கே மலைபோல் துணி, தீப்பெட்டிகூடக் கொண்டுபோகக் கூடாது. ஒரு சிட்டிகையை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடி, அங்கே எரியும் டியூப் லைட்டில் பார்த்துவிட்டு வருவதற்குள் சட்டியில் இருப்பது இரண்டு ஷேடு தாண்டிவிடும்.

சமையல்கட்டில் வெளிச்சம் இருந்தது. பெரிய ஜன்னல், கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த ஒரு பச்சை ஃபைபர் ஷீட். அந்த வெளிச்சத்தில் கார்டில் இருந்த பழுப்பு கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் ஆழமாகத் தெரிந்தது. ராமருக்கு அது புரிந்தது. புரிந்தும், வித்தியாசம் அரை ஷேடுதான் இருக்கும், கண்ணால் கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். லேப்பில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் துணியைத் தூக்கி எறிந்திருப்பார்.

அரைக் கிலோ மல்லியை வறுத்தார். கழித்தார். இன்னும் கொஞ்சம் என்று தோன்றியது, வறுபட விட்டார். இறக்கி, நான்கு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். கசப்பு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

கருகிய மல்லியை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்தார். பையில் மிச்சம் அரைக் கிலோ. அதுவும் போனால் கடையில் வாங்கலாம், ஆனால் அதையும் இப்படித்தான் வறுக்க வேண்டும். நேரம் எட்டே முக்கால். அவர் திரும்பிப் பார்த்தார். பூவாத்தாள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீஞ்சு போச்சுங்களே," என்றார். "நானு அப்பவே நெனச்சனுங்க. உங்கூர்ல இப்பிடித்தான் வறுப்பாங்களோ என்னமோன்னு பேசாம இருந்துட்டேன்."

"எப்ப தீஞ்சதுன்னு நினைச்சீங்க?"

"சித்த முன்னால. ஏனுங்க, உங்களுக்குத் தெரியிலீங்களா?"

ராமர் அடுப்பை அணைத்தார். இந்த அம்மாவிடம் சொல்வதென்றால் இந்த வேலைக்காக நான்கு மாதம் காத்திருந்தவரிடம் சொல்வதாக ஆகும். அது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"யக்கா, எனக்கு வாசம் தெரியாது," என்றார்.

"சளிங்களா?"

"இல்லக்கா. மூணு வருசமாச்சு. சுத்தமாப் போயிருச்சு."

பூவாத்தாள் அவரையும் சட்டியையும் போஸ்ட் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பறம் எந்தத் தைரியத்துல அறுவது பேருக்குச் சமைக்கறேன்னு வந்தீங்க?"

ராமர் கார்டை எடுத்துக் காட்டி விளக்கினார். டியூப் லைட், ஜன்னல், துணி, மல்லி. பூவாத்தாள் கார்டை வாங்கி, துண்டுகளை விரலால் தடவி, திருப்பிக் கொடுத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"கண்ணுல பாத்துக் கொழம்பு வெக்கற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றார். "நாங்க வெச்சா பாயாசமாமா. செரி. இப்ப நானு என்ன பண்ணோணும்?"

"பக்கத்துல நின்னு எப்ப எறக்கணும்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

"நாங்க இத்தன தூரம் வறுக்கறதே இல்லீங்களே. எனக்கு எப்பிடித் தெரியும் உங்க பக்குவம்?"

ராமருக்கு, மூன்று வருடத்துக்கு முன்னால் போய்விட்ட ஒன்றை வார்த்தையில் எடுக்க வேண்டியிருந்தது. மல்லியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"மொதல்ல பச்சை வாசம் போகும். பெறகு எலுமிச்சந்தோலக் கிள்ளின மாதிரி ஒண்ணு வரும். அதுல எறக்கிறாதீங்க. அதுவும் அடங்கிப்போகும். அடங்குன பெறகு, கடலை வறுக்கிற கடையக் கடந்து போனா ஒரு வாசம் வருமே, அது லேசா வரும். அப்ப சொல்லுங்க."

பூவாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து சட்டிக்கு மேல் குனிந்தார். ராமர் கிளறினார். கட்டிங் செக்‌ஷன் பக்கம் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது.

"பச்சையாத்தான் இருக்குது," என்றார் பூவாத்தாள். சற்று நேரம் கழித்து, "எலுமிச்ச வந்துருச்சுங்க. அட, ஆமாங்க." பிறகு இன்னும் கீழே குனிந்தார். ராமர் கை தானாகக் கார்டு இருந்த பக்கம் போனது, பார்க்காமல் திரும்பிவிட்டது. "கொறையுது… கொறையுதுங்க… இருங்க." கண்ணை மூடிக்கொண்டார். "கடலைங்க. எறக்குங்க."

ராமர் இறக்கித் தட்டில் கொட்டிப் பரப்பினார். ஒரு மணியைக் கடித்தார். கசக்கவில்லை. சரியா என்று அவரால் சொல்ல முடியாது. கசக்கவில்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

சீரகத்துக்கும் கசகசாவுக்கும் அதேபோல். மிளகாய் வறுக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து இருமினார்கள். அதற்குச் சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. கட்டிங் செக்‌ஷனில் துணிக் கட்டுகளுக்கு நடுவே மிக்ஸியை வைத்து எட்டு ஈடு அரைத்தார்கள். கட்டிங் மாஸ்டர் மட்டும், வெள்ளை டீ-ஷர்ட்டில் மசாலா வாசம் ஏறினால் வெளிநாட்டு பையருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார்.

பன்னிரண்டரைக்கு மகுடேஸ்வரன் வந்து, பெண்களோடு வரிசையில் நின்று தட்டு வாங்கிச் சாப்பிட்டார். உப்பு ஒரு கல் கம்மி என்றார். பெண்கள் இரண்டாம் முறை சோறு வாங்க வந்தார்கள். மூன்றாம் முறையும் சிலர் வந்தார்கள். சோறு தீர்ந்துவிட்டது. மகுடேஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டே, நாளைக்கு வந்துவிடுங்கள் என்று ராமரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பாத்திரம் கழுவும் இடத்தில் பூவாத்தாள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ராமர் நன்றி சொல்லப் போனார். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். மல்லி வாசந் தெரியாது, செரி. கேஸு வாசந் தெரியுமுங்களா?"

ராமர் நின்றார்.

"விடியால அஞ்சு மணிக்கு வந்து நீங்கதான் அடுப்பப் பத்த வெக்கோணும். ராத்திரி யாராவது கேஸு டியூப்ப இடிச்சிருப்பாங்க, குமிழ் சித்த தெறந்து கெடக்கும். எனக்கு ரெண்டு தடவ அப்பிடி ஆயிருக்குது. கதவத் தெறந்ததும் தெரிஞ்சுரும். உங்களுக்கு?" அவர் அண்டாவைக் கவிழ்த்தார். "மேல அறுவது புள்ளைக படுத்திருக்குதுங்க."

"முதலாளிட்ட சொல்லப் போறீங்களா?"

"நானெதுக்குங்க சொல்றேன். நாஞ்சொன்னா வேலைக்கு ஆசப்பட்டுச் சொல்றேன்னு ஆகும். நீங்களே யோசிச்சுக்கங்க."

அன்றைக்குச் சாயங்காலம் ராமர் வீட்டில் வேல்விழி அட்டைப்பெட்டியைப் பிரித்து மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி லைனில் பன்னிரண்டு வீட்டுக்கும் போய்விட்டிருந்தது. சித்ராதேவி காப்பி போட்டாள். அவர் குடிக்காமல் வைத்திருந்து, பூவாத்தாள் கேட்டதைச் சொன்னார். நம் வீட்டிலும் சிலிண்டர்தானே, இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்றும் சொன்னார். அவர் அதைத் தனக்கு ஆதரவாகத்தான் சொன்னார்.

சித்ராதேவி காப்பி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒண்ணும் ஆகலன்னு இல்ல," என்றாள். "நான் வேலைக்குப் போறப்ப டெய்லி ரெகுலேட்டர மூடிட்டுத்தான் போறேன். லைன் கேட்டுவரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பாத்துட்டுப் போயிருக்கேன். சாயங்காலம் நீங்க சமைக்கையில சீனியம்மாக்காவ மூக்க இந்தப் பக்கம் வச்சுக்கிறச் சொல்லிருக்கேன். வாசம் வந்தா செவத்தத் தட்டுங்கக்கான்னு. அது மூணு வருசமா ஆறு மணிக்கு மேல எங்கயும் போறதில்ல."

சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை. நான் அவளைப் பார்த்தேன்; அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு மேல் கோயிலுக்குக்கூட அவள் போகாததற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் எல்லோருக்கும் தெரியுமா என்று ராமர் கேட்டார். லைனில் எல்லோருக்கும் தெரியும் என்றாள் அவள். காப்பி ஆறிவிட்டது.

திங்கட்கிழமை அவர் சமையல்கட்டுக்குப் போகாமல் நேராக ஆபீஸ் அறைக்குப் போனார். மூக்கு விஷயத்தையும், மல்லியைப் பூவாத்தாள்தான் முகர்ந்து சொன்னார் என்பதையும், கேஸ் கசிந்தால் தனக்குத் தெரியாது என்பதையும் வரிசையாகச் சொன்னார். மகுடேஸ்வரனுக்குக் கோபம் வந்தது.

"ஏனுங்க ராமரு, இதை நேத்தே சொல்றதுக்கென்னுங்க? புள்ளைககிட்டப் புதுச் சமையக்காரருன்னு சொல்லிப்போட்டேன். இப்ப மூக்குக்கொரு ஆளு, கைக்கொரு ஆளுன்னு வெக்கறதுக்கு நானென்ன கல்யாண மண்டபமா நடத்தறேன்?"

பூவாத்தாள் டீ டம்ளரை எடுத்துப்போக வந்து வாசலில் நின்றிருந்தார். "காலருக்கு ஒரு ஆளு, கைக்கு ஒரு ஆளு, பிசிறு வெட்ட ஒரு ஆளுன்னு ஒரு பனியனுக்கு இருவது பேர வெச்சிருக்கறயேப்பா," என்றார், முதலாளி என்று பாராமல். "நானும் இங்கதான இருக்கறேன். என்னைய என்ன வெளியவா அனுப்பப் போற?"

மகுடேஸ்வரன் போனை எடுத்தார், வைத்தார். கடைசியில் இப்படி முடிவானது: சமையல்கட்டு பூவாத்தாள் பொறுப்பு. சமையல்காரர் என்று ரிஜிஸ்டரில் அவர் பெயர். ராமர் அவருக்குக் கீழே. மசாலாவும் குழம்பும் ராமர் கை. அடுப்பைப் பற்றவைப்பதும் அணைப்பதும் பூவாத்தாள் கை. இஷ்டமென்றால் இருக்கலாம் என்றார் முதலாளி. ராமர் இருக்கிறேன் என்றார். பூவாத்தாள் டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு அது எதிர்பாராதது என்பதை, வெளியே போன பிறகு டம்ளரைக் கீழே போட்ட சத்தத்திலிருந்து தெரிந்துகொண்டதாக ராமர் சொன்னார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ராமர் முதல் பஸ்ஸில் போய் ஐந்து மணிக்குச் சமையல்கட்டு வாசலில் நிற்பார். பூவாத்தாள் வந்து பூட்டைத் திறந்து, தனியாக உள்ளே போவார். ஜன்னல்களைத் திறக்கும் சத்தம் கேட்கும். பிறகு உள்ளேயிருந்து "வாங்க" என்பார். அதற்குப் பிறகுதான் ராமர் செருப்பைக் கழற்றுவார். அவர்கள் இரண்டு பேருக்கும் நல்ல சிநேகிதம் என்று சொல்ல முடியாது. வெங்காயத்தை எப்படி நறுக்குவது என்பதில் இன்றுவரை தகராறு. தேங்காய் விஷயத்தில் ராமர் ஒரு மூடி இறங்கிவந்திருக்கிறார். மிளகாய் விஷயத்தில் பூவாத்தாள் ஏறிவந்திருக்கிறார். எவ்வளவு என்று அவர் சொல்வதில்லை.

போன ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. பூவாத்தாள் வரும் பஸ் வழியில் நின்றுவிட்டது. சாவியை முந்தின நாளே வாட்ச்மேனிடம் கொடுத்திருந்ததால் அவரே கதவைத் திறந்துவைத்திருந்தார். ஐந்தரை ஆயிற்று. ஆறு ஆயிற்று. முதல் ஷிப்டுப் பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, டீயாவது போடுங்கண்ணே என்றார்கள். ஒருத்தி, பூவாத்தாக்கா திட்டும்னு பயமா என்று கேட்டாள். இன்னொருத்தி தானே உள்ளே போகப் பார்த்தாள். ராமர் கதவுக்குக் குறுக்கே கையை வைத்து, பொறுங்கம்மா என்று மட்டும் சொன்னார்.

ஆறரைக்குப் பூவாத்தாள் முழுக்க நனைந்து வந்தார். வாசலில் ராமரும் அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்களும் நிற்பதைப் பார்த்தார்.

"இன்னும் வெளியவா நிக்கறீங்க?"

"நீங்க வரலையேக்கா."

பூவாத்தாள் முந்தானையைப் பிழிந்துவிட்டு உள்ளே போனார். ஜன்னல்கள் திறக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.